நான் நிறுத்தி வைத்த செயலி

அன்புள்ள மகளுக்கு,

இங்கே அம்மாவும் நானும் நலம். உன் மடிக்கணினியைத் திறந்தால் வேலை தொடங்கவே வெகுநேரம் ஆகிறது என்று கடைசியாகப் பேசியபோது நீ சொன்னது என் மனத்தில் இருந்துகொண்டே இருந்தது. அதற்கான வழியை நம் வீட்டுக் கணினியில் யாரையும் கூப்பிடாமல் நானே செய்து பார்த்தேன்.

கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் ஆகிய மூன்று விசைகளையும் சேர்த்து அழுத்தினால், கணினியில் ஓடும் செயலிகளைக் காட்டும் டாஸ்க் மேனேஜர் திறக்கும். அதில் ஸ்டார்ட்அப் என்ற பகுதியில், கணினி திறந்ததும் நம்மைக் கேட்காமலே ஓடத் தொடங்கும் செயலிகள் வரிசையாக இருக்கும். 2012-இல் விண்டோஸ் 8 வரும்வரை இதை எம்எஸ்கான்ஃபிக் என்ற வேறொரு விண்டோஸ் கருவியில் தேட வேண்டியிருந்தது. பள்ளியில் படித்த காலத்தில் நீ எனக்குக் காட்டியதும் அதைத்தான். அந்த வயதில் உனக்கு இருந்த பொறுமையை இப்போது நினைத்தாலும் பெருமையாக இருக்கிறது. ஒவ்வொரு செயலிக்கும் எதிரே அதன் சுமை எழுதியிருக்கும். தொடங்கும்போது பிராசசரின் நேரத்தில் 1 வினாடிக்கு மேல் எடுத்தாலோ, வட்டில் 3 மெகாபைட்டுக்கு மேல் படித்து எழுதினாலோ அதற்கு 'ஹை' என்று போட்டிருக்கும். அவற்றை முதலில் பார். பெயரின் மேல் வலது சொடுக்கு செய்து 'டிசேபிள்' கொடுத்தால் போதும். செயலி அழிந்துவிடாது, நீ திறக்கும்போது மட்டும் திறக்கும்.

ஆனால் வைரஸ் தடுப்பையும், உன் கோப்புகளைத் தானே சேமித்து வைப்பதையும் நிறுத்திவிடாதே. பெயர் தெரியாத எதையும், அது என்னவென்று தேடிப் பார்க்காமல் நிறுத்தாதே.

நான் அப்படிப் பார்க்கவில்லை. பட்டியலில் இருந்த அத்தனையையும் ஒரே மூச்சில் நிறுத்தினேன். கணினி விரைவாகத் திறந்ததில் மகிழ்ந்தும் போனேன். நீ கிளம்புவதற்கு முதல் நாள் இரவு உட்கார்ந்து, "அப்பா, இது தானே திறந்துகொள்ளும், நான் கூப்பிட்டால் மணி அடிக்கும், நீங்கள் ஒன்றும் செய்ய வேண்டாம்" என்று சொல்லி வைத்துவிட்டுப் போன செயலியும் அதில் ஒன்று. கைபேசியில் அதை வைத்துக்கொள்ள மாட்டேன் என்று நான் பிடித்த பிடிவாதம் உனக்குத் தெரியும்.

ஐந்து வாரமாக அது திறக்கவே இல்லை. அண்ணன் விஷயத்தில் அன்று நான் பேசியதற்குத்தான் நீ இப்படி மௌனமாக இருக்கிறாய் என்று அம்மாவிடம் சொன்னேன். அவள் இல்லை என்றபோது அவளையும் கடிந்துகொண்டேன். நேற்று வேறு எதற்கோ அந்தச் செயலியைத் திறந்தால், எடுக்காத அழைப்புகள் ஏழு இருந்தன. முதல் வாரத்தில் நான்கு, அடுத்த வாரத்தில் இரண்டு, மூன்றாவது வாரத்தில் ஒன்று. அதற்குப் பிறகு இல்லை.

அம்மாவின் எண்ணுக்காவது நீ ஒருமுறை அழைத்துக் கேட்டிருக்கலாம் என்று எழுத நினைத்தேன். அப்படி எழுதும் தகுதி எனக்கு இல்லை. நீ அழைத்தபோதெல்லாம் எடுக்காமல் இருந்தவன் நான். அன்று பேசிய பேச்சும் நான் பேசியதுதான்.

உன் கணினியில் எதை நிறுத்தினாலும் பெயரைப் படித்துவிட்டு நிறுத்து. அந்தச் செயலியை மீண்டும் 'எனேபிள்' செய்து, கணினியை இரண்டு முறை அணைத்துத் திறந்து பார்த்தேன், தானே திறக்கிறது. மணியின் ஒலியையும் கூட்டி வைத்திருக்கிறேன். தூக்க நிலைக்குப் போய்விட்டால் அழைப்பு வராதோ என்று பயந்து அதையும் மாற்றிவிட்டேன். இப்போது இரவிலும் கணினியை அணைப்பதில்லை.

அப்பா