பிறப்புச் சான்றிதழ் நகல் கேட்க யாருக்கு உரிமை?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

எங்கள் பக்கத்தில் தலைப்பிரசவம் தாய்வீட்டில்தான். மகளைக் கட்டிக்கொடுத்தது பொள்ளாச்சியில். பேத்தி பிறந்தது இங்கே, எல்லைக்கு இந்தப்புறம் ஓர் ஆஸ்பத்திரியில். எங்கே பிறந்ததோ அந்த இடத்துப் பதிவாளரிடம்தான் பிறப்பு பதிவாகும். ஆகவே, பிள்ளை வளர்வது தமிழ்நாட்டில், பதிவு இருப்பது கேரளத்தில்.

ஒன்றாம் வகுப்பில் சேர்க்கச் சான்றிதழ் வேண்டியிருந்தது. முன்பு வாங்கியது வீடு மாறியபோது தொலைந்துவிட்டது. மருமகன் லாரி ஓட்டுகிறார். மாதத்தில் பாதி நாள் வெளியூர். மகளுக்கு மில் வேலை, லீவு போட்டால் அன்றைய கூலி போய்விடும். பக்கத்தில் இருப்பவன் நான்தானே என்று பதிவெண்ணையும் என் ஆதாரையும் எடுத்துக்கொண்டு போனேன். "அச்சனோ அம்மயோ வரணம்" என்று சொல்லிவிட்டார்கள். பிள்ளைக்கு அப்புச்சி, அதாவது தாயின் அப்பா என்று சொல்லியும் கேட்கவில்லை. இரண்டு முறை திரும்பி வந்தேன். கடைசியில் மகள்தான் கூலியை விட்டுவிட்டு, கோபாலபுரம் வழியாக பஸ் ஏறி வந்து வாங்கிப் போனாள்.

பிறகுதான் ஒரு வக்கீலிடம் கேட்டுத் தெரிந்துகொண்டேன். 1969ஆம் ஆண்டின் பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டம், 17ஆம் பிரிவு: மாநில விதிகளுக்கும் கட்டணத்துக்கும் உட்பட்டு, 'எவரும்' பதிவேட்டில் தேடச் சொல்லலாம், பதிவின் நகலும் பெறலாம். தாய் தகப்பன் மட்டும் என்று அந்தப் பிரிவில் இல்லை. பெயர் சேர்ப்பது வேறு விஷயம். 14ஆம் பிரிவுப்படி அதற்குப் பெற்றோரோ காப்பாளரோ தகவல் தர வேண்டும். அது நியாயம்தான், பிள்ளைக்குப் பெயர் வைக்கிறவர்கள் அவர்கள். ஏற்கெனவே எழுதியிருப்பதற்கு நகல் கேட்கிறவனிடமும் அதே நிபந்தனையைப் போடுவதுதான் தவறு.

2023 அக்டோபர் 1 முதல் பிறந்த பிள்ளைகளுக்குப் பள்ளிச் சேர்க்கை, ஓட்டுநர் உரிமம், வாக்காளர் பட்டியல் எல்லாவற்றுக்கும் பிறந்த தேதியை நிரூபிக்க இந்தச் சான்றிதழ்தான். கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம் பக்கம் இப்படி எல்லை தாண்டி வாழும் பேரப்பிள்ளைகள் இல்லாத வீடு குறைவு. நகலுக்கு யார் வரலாம், கட்டணம் எவ்வளவு, எந்தக் காகிதம் கொண்டுவர வேண்டும் என்று ஒவ்வொரு பதிவு அலுவலகத்திலும் மலையாளத்திலும் தமிழிலும் பலகை எழுதி வைக்க அதிகாரிகள் உத்தரவிட வேண்டும். மறுப்பதானால், எந்த விதியின்படி என்று எழுதிக் கொடுக்க வேண்டும்.

இப்படிக்கு,
தென்னை விவசாயி ஒருவர்,
கொழிஞ்சாம்பாறை, பாலக்காடு மாவட்டம்.