ஃபுச்சோவிச் திடீரென வந்தவரா?

ஆசிரியருக்கு,

ஹங்கேரி டென்னிஸ் வீரர் மார்ட்டோன் ஃபுச்சோவிச்சை உங்கள் இதழில் ‘திடீரென மேலே வந்தவர்’ என்று எழுதியது பொருந்தவில்லை. 2010-லேயே விம்பிள்டன் ஜூனியர் பட்டம் வென்றவர் அவர். ஆனால் ஜூனியர் வெற்றிக்கு ஏடிபி (ஆடவர் தொழில்முறை டென்னிஸ் அமைப்பு) தரவரிசையில் ஒரு புள்ளியும் கிடையாது. அப்போது ஃபியூச்சர்ஸ், சேலஞ்சர் என்று சின்னப் போட்டிகளில் ஆடித்தான் புள்ளிகளைச் சேர்க்க வேண்டியிருந்தது. பலர் தேங்கிப்போவது அங்கேதான். அவருக்கு முதல் ஏடிபி பட்டம் 2018-ல், ஜெனீவாவில். 1982-ல் வென்ற தாரோட்சிக்குப் பிறகு, அதுவரை ஹங்கேரி ஆடவர் யாரும் ஏடிபி ஒற்றையர் பட்டம் வென்றதில்லை.

2021-ல் ராட்டர்டாம் போட்டியில் தகுதிச்சுற்றிலிருந்து இறுதிவரை வந்து ரஷ்ய வீரர் ருப்லெவிடம் தோற்றார். அதே ஆண்டு விம்பிள்டன் நான்காவது சுற்றில் 1-2 என்று செட் கணக்கில் பின்தங்கியவர், அடுத்த இரண்டையும் 6-0, 6-3 என்று பறித்து அதே ருப்லெவை வெளியேற்றினார். காலிறுதியில் எதிரே ஜோகோவிச். நேர் செட்களில் தோற்றார். 2025-ல், 33 வயதில், அமெரிக்காவின் வின்ஸ்டன்-சேலம் போட்டியில் பட்டமும் வென்றார்.

— ஒரு வாசகர்