மச்சி, அந்த ஒரு மெசேஜுக்கு மட்டும் சாரிடா

மச்சி,

இத குரூப்ல போட்டா நாலு பேரு ஸ்டிக்கர் அனுப்பி முடிச்சிடுவாங்க, ஃபோன்ல சொன்னா நீயே "விட்றா விட்றா"ன்னு பேச்ச மாத்திடுவ. அதான் இங்கயே எழுதுறேன், எல்லாரும் படிக்கட்டும்.

2025 ஏப்ரல் 27 ராத்திரி உங்க லிவர்பூல் டாட்டன்ஹாம 5-1 அடிச்சு பிரீமியர் லீக் கப்பு கன்ஃபார்ம் பண்ணுச்சுல்ல, அன்னைக்கு நான் முழு மேட்சும் பாத்தேன். முதல் கோல சோலங்கி உங்களுக்கு எதிரா போட்டப்போ சோஃபாவுல எழுந்தே நின்னுட்டேன், அது வேற விஷயம். மேட்ச் முடிஞ்சதும் உங்க ஸ்டேடியம் ஆன்ஃபீல்டே சிவப்புப் புகையில மூழ்கி மொத்த ஸ்டேடியமும் பாடுச்சு பாரு, அப்பதான் எனக்கு 2020 ஜூலை 22 ஞாபகம் வந்துச்சு. அதே ஆன்ஃபீல்டு, காலியான காப் ஸ்டாண்டுல மேடை போட்டு உங்க கேப்டன் ஹெண்டர்சன் கப்பத் தூக்குறாரு, லைட்டு பேப்பர் வெடி எல்லாம் இருக்கு, கொரோனாவால கைதட்ட ஒரு ரசிகன் கிடையாது. 30 வருஷம் காத்திருந்து வாங்குன கப்புடா அது. மான்செஸ்டர் யுனைடெட் ரசிகனா அன்னைக்கு எனக்கு சிரிப்புதான் வந்துச்சு, ஸ்கிரீன்ஷாட் எடுத்து "கல்யாணத்துக்கு யாருமே வரலயா"ன்னு உனக்கு அனுப்புனேன். ஆனா நான் சாரி சொல்ல வந்தது அதுக்கு இல்ல. அது நியாயமான கலாய், அத வாபஸ் வாங்க மாட்டேன்.

நான் சொல்ல வந்தது அந்த மார்ச்லேர்ந்து ஜூன் வரைக்கும் நம்ம போட்ட சண்டைய பத்தி.

ஆரம்பத்துலேர்ந்து வரேன். 2020 மார்ச் 12 ராத்திரி ஆர்சனல் கோச் ஆர்டெட்டாவுக்கு கொரோனா பாசிட்டிவ்னு நியூஸ் வந்துச்சு, மறுநாளே லீக நிறுத்திட்டாங்க. அன்னைக்கு உங்க கணக்கு எனக்கு இன்னும் மனப்பாடம். 29 மேட்ச், 27 ஜெயிப்பு, 1 டிரா, 1 தோல்வி, 82 பாயிண்ட், ரெண்டாவது இருந்த மான்செஸ்டர் சிட்டிய விட 25 பாயிண்ட் மேல. இன்னும் ரெண்டே ரெண்டு மேட்ச் ஜெயிச்சா முடிஞ்சுது. அந்த ஒத்த டிரா எங்க கூட, எங்க ஸ்டேடியம் ஓல்ட் ட்ராஃபோர்டுல, எங்க ராஷ்ஃபோர்டு கோல் போட்டாரு, 85வது நிமிஷத்துல உங்க லல்லானா வந்து கெடுத்தாரு. பிப்ரவரி 29 அன்னைக்கு வாட்ஃபோர்டு 3-0 அடிக்கிற வரைக்கும் அந்த சீசன் லீக்ல உங்ககிட்டேர்ந்து பாயிண்ட் புடுங்குன ஒரே டீம் நாங்கதான்னு மார்தட்டிக்கிட்டு இருந்தவன் நான், வேற பெருமை எதுவும் கையில இல்லாத வருஷம் அது.

லீக நிறுத்துனதும் குரூப்ல நான் போட்ட முதல் வார்த்தை "நல் அண்ட் வாய்ட்". சீசனே நடக்கலன்னு அழிச்சிடணும். மறுநாள் வெஸ்ட் ஹாம் டீமோட துணைத் தலைவர் கேரன் பிராடி பேப்பர்ல அதையே எழுதுனாங்க, நான் அந்த லிங்க நாலு தடவ ஃபார்வர்டு பண்ணேன். நீ ஒரே ஒரு கேள்விதான் கேட்ட, "வெஸ்ட் ஹாம் டேபிள்ல எங்க இருக்குடா?" 16வது இடம். அவங்களுக்கும் வாட்ஃபோர்டுக்கும் போர்ன்மத்துக்கும் ஒரே 27 பாயிண்ட், கோல் வித்தியாசத்துல மட்டும் கீழ் லீகுக்கு இறங்காம தொங்கிக்கிட்டு இருந்தாங்க. எனக்கு அப்போ பதில் வரல, "உயிர விட ஃபுட்பால் பெருசாடா"ன்னு கேட்டு தப்பிச்சேன்.

ஆமா, அதுதான் என்னோட பிரம்மாஸ்திரம். உயிர். யாராலயும் மறுத்துப் பேச முடியாது பாரு.

நீயும் ஒண்ணும் உத்தமன் கிடையாது, அதையும் சொல்லிடறேன். நிறுத்துறதுக்கு ரெண்டு நாள் முன்னாடி, மார்ச் 11, அட்லெடிகோ மாட்ரிட் ஆன்ஃபீல்டுக்கு வந்தாங்க. மாட்ரிட்ல அன்னைக்கு ஸ்கூல் எல்லாம் மூடியாச்சு, ஸ்பெயின்ல மேட்சுக்கு ஆள விடறது இல்லைன்னு ஆயாச்சு, ஆனா அங்கேர்ந்து 3000 பேரு ஃபிளைட் ஏறி லிவர்பூல்ல வந்து உக்காந்து மேட்ச் பாத்தாங்க. டனல்லேர்ந்து வெளிய வந்த உங்க கோச் க்ளாப் கைய நீட்டுன ரசிகர்கள திட்டுனாரு, கைய உள்ள எடுங்கடான்னு. அத நான் காட்டி கேட்டப்போ நீ சொன்னது, "மச்சி ஆஃப்டர் மேட்ச் பேசலாம், எக்ஸ்ட்ரா டைம் போய்ட்டு இருக்கு." இத்தாலியில பெர்கமோ கதையும் உனக்கு தெரியும், பிப்ரவரி 19 அட்டலாண்டா-வாலென்சியா மேட்சுக்கு அந்த ஊர்லேர்ந்து சுமார் 40,000 பேரு மிலனுக்கு போனாங்க, அப்புறம் அந்த ஊரு என்ன ஆச்சுன்னு உலகமே டிவில பாத்துச்சு. அதனால பயப்பட காரணம் நிஜமாவே இருந்துச்சு. என் தப்பு பயந்தது இல்ல, பயந்த மாதிரி நடிச்சது.

எப்படி நடிப்புன்னு சொல்றேன்னா, ஏப்ரல்ல நான் கட்சி மாறுனேன், ஞாபகம் இருக்கா? யுனைடெட் 45 பாயிண்ட்டோட 5வது. சிட்டிய ஐரோப்பா போட்டிகள்ல ஆடக்கூடாதுன்னு யுயிஃபா ரெண்டு வருஷ தடை போட்டிருந்த நேரம், அப்பீல் முடியல. தடை உறுதியாச்சுன்னா 5வது இடத்துக்கும் ஐரோப்பாவோட பெரிய போட்டி சாம்பியன்ஸ் லீக்ல இடம் உண்டு. சீசன அழிச்சா போன சீசன் டேபிள்தான், அதுல நாங்க 6வது, ஒண்ணும் தேறாது. உடனே நான் கால்குலேட்டர எடுத்துட்டேன். பாயிண்ட்ஸ் பெர் கேம், அதாவது மேட்சுக்கு சராசரி எத்தன பாயிண்ட்னு போட்டா எங்களுக்கு 1.55, ஷெஃபீல்டு யுனைடெட்டுக்கு 1.54, நாங்க 5வதுலயே நிக்கிறோம்! ஆனா அதே கணக்குல கப்பு உனக்கு வந்துடுது. அதனால நான் ஒரு அற்புதமான யோசனை சொன்னேன், சாம்பியன்னு யாரையும் அறிவிக்க வேணாம், ஐரோப்பா போட்டி இடங்கள மட்டும் இருக்கற டேபிள் படி குடுத்துடலாம்னு. நீ கேட்ட, "அதென்னடா 5வது இடம் செல்லும், 1வது இடம் மட்டும் செல்லாது?"

கொடுமை என்னன்னா கிட்டத்தட்ட அப்படியே ஹாலந்துல ஏப்ரல் 24 அன்னைக்கு பண்ணிட்டாங்க! அயாக்ஸும் ஏஇஸெட்டும் 56-56, சாம்பியன் கிடையாது, ஆனா ஐரோப்பா சீட்டு டேபிள் படி. ரெண்டாவது டிவிஷன்ல முதல் இடத்துல இருந்த காம்பியூருக்கு மேல ஏற வழியும் கிடையாது. நான் அத பிரிண்ட் எடுத்து ஃபிரேம் போடாத குறைதான். பிரான்ஸ்ல நேரெதிரு, பிரதமரே வந்து சீசன் முடிஞ்சுதுன்னாரு, இருக்கற கணக்க வெச்சு பிஎஸ்ஜிக்கு கப்பு, லியோன் 7வதுன்னு ஐரோப்பா போட்டிக்கு வெளிய. நாடு நாடா நம்ம ரெண்டு பேரும் ஆளுக்கு ஒரு வக்கீல் மாதிரி தீர்ப்பு தேடிக்கிட்டு அலைஞ்சோம்.

அப்போ நீ அனுப்புன ஒண்ணுதான் என்ன கொஞ்சம் உறுத்துச்சு. இங்கிலாந்துல கீழ்மட்ட லீகுகள மார்ச் கடைசிலயே அழிச்சிட்டாங்க. ஜெர்சி புல்ஸ்னு ஒரு தீவு டீம், 10வது மட்டம், அவங்க லீக்ல ஆடுன முதல் சீசனே அதுதான், 27 மேட்ச் ஆடி 27ம் ஜெயிச்சிருக்காங்க, மேல ஏறுறதே உறுதி ஆயிடுச்சு, எல்லாம் போச்சு. சவுத் ஷீல்ட்ஸ் 12 பாயிண்ட் முன்னாடி இருந்தாங்க, அதுவும் போச்சு. "எங்க ஸ்டார் சலாவ விடு, வார நாள்ல வேலைக்குப் போய்ட்டு சனிக்கிழம ஆடுறவன்கிட்ட போய் நீ ஆடவே இல்லைன்னு சொல்லுவியா"ன்னு கேட்ட. நான் உயிர்னு டைப் பண்ணிட்டு அழிச்சிட்டேன்.

சரி, இப்ப அந்த மெசேஜுக்கு வரேன்.

மே மாசம் 2வது வாரம். ராயபுரம் பக்கம்தான் சென்னையிலேயே கொரோனா கேஸ் அதிகம்னு தினமும் லிஸ்ட்டு வந்துட்டு இருந்துச்சு. உன் தெருவ ரெண்டு பக்கமும் தகரம் வெச்சு அடைச்சிட்டாங்க. உன் எதிர் வீட்டு தாத்தாவ ஆம்புலன்ஸ்ல ஏத்துனத நீ பால்கனிலேர்ந்து பாத்துட்டு குரூப்ல ஒரே வரி போட்ட, "தாத்தாவ கூட்டிட்டு போறாங்க, ஒருத்தரும் கிட்ட போக முடியல." அதுக்கு கீழ ஒரு மணி நேரம் கழிச்சு, நீ எதுக்கோ ஜெர்மனில லீக் ஆரம்பிக்கப் போறாங்கன்னு ஒரு நியூஸ் போட்ட, ஒருவேள மனச மாத்திக்கத்தான் போட்டியோ என்னமோ. நான் என்ன எழுதுனேன் தெரியுமா, உனக்கு தெரியும், இருந்தாலும் எழுதுறேன்: "எதிர் வீட்டுல ஆம்புலன்ஸ் நிக்குது, உனக்கு இன்னும் கப்பு கேக்குதா?"

நீ "ம்"னு போட்ட. அவ்வளவுதான். அப்புறம் நாலு நாள் குரூப் பக்கமே வரல.

நான் அன்னைக்கு ஜெயிச்சுட்டேன்னு நெனச்சேன் மச்சி. நிஜமா. கடைசில வாய அடைச்சிட்டேன்னு. அந்த நாலு நாளும் தகரத்துக்கு இந்தப் பக்கம் வர பால் பாக்கெட்ட வாங்கி தெருவுல வயசானவங்க வீட்டு வாசல்ல ஒவ்வொண்ணா வெச்சுட்டு இருந்தது நீதான்னு எனக்கு வருஷம் கழிச்சு உன் தங்கச்சி சொல்லித்தான் தெரியும். மே 16 டார்ட்மண்ட் காலி ஸ்டேடியத்துல ஷால்கேவ 4-0 அடிச்சாங்க, ஹாலண்ட் முதல் கோல போட்டுட்டு தள்ளி நின்னு ஆடுனாரு, மேட்ச் முடிஞ்சு பிளேயருங்க எல்லாம் காலியா இருந்த தெக்கு ஸ்டாண்ட பாத்து கைதட்டுனாங்க. அதப் பத்தி பேசக்கூட நீ வரல.

அதவிட அசிங்கம் எதுன்னா அதுக்கு அடுத்த ரெண்டு வாரத்துல நான் மறுபடி கட்சி மாறிட்டேன். ஏன்? ராஷ்ஃபோர்டு முதுகு சரியாயிடுச்சு, போக்பா கால் சரியாயிடுச்சு, புரூனோ வந்ததுலேர்ந்து டீம் தோக்கவே இல்ல. மிச்ச 9 மேட்சும் ஆடுனா நாங்க 4க்குள்ள வந்துடலாம்! திடீர்னு எனக்கு டெஸ்டிங் மேல பயங்கர நம்பிக்க வந்துடுச்சு, 748 பேருக்கு எடுத்ததுல 6 பேருக்குத்தான் பாசிட்டிவாம், எவ்ளோ பாதுகாப்பு பாருன்னு நானே போட்டேன். கைக்கொழந்தைக்கு மூச்சுப் பிரச்சன, பிராக்டிஸுக்கு வர மாட்டேன்னு வாட்ஃபோர்டு கேப்டன் ட்ராய் டீனி சொன்னப்போ "பயந்தா வீட்டுல இருக்கட்டும்"னு எழுதுனேன். மார்ச்ல உயிருன்னு கத்துனவன் நான். வைரஸ் மாறல, டேபிள்ல என் டீமோட வாய்ப்பு மாறிடுச்சு. நீயாவது ஆரம்பத்துலேர்ந்து "எங்களுக்கு கப்பு வேணும்டா, அதான் ஆடச் சொல்றேன்"னு ஓப்பனா சொன்ன.

பிரீமியர் லீக்காரங்களும் ஒண்ணும் விளையாட்டு தர்மத்துக்காக மறுபடி ஆரம்பிக்கல, அது ரெண்டு பேருக்கும் தெரியும். ஆடலன்னா டிவி காசு உட்பட 76 கோடி பவுண்டு போகும்னு பேப்பர்ல வந்துச்சுல்ல. அதே இங்கிலாந்து, அதே வைரஸ், ஆம்பளைங்க லீகுக்கு ஜூன் 17 தேதி குறிச்சாங்க, பொம்பளைங்க லீக மூட்ட கட்டிட்டாங்க. பாயிண்ட்ஸ் பெர் கேம் போட்டு செல்சிக்கு கப்பு, கடைசி இடத்துல இருந்த லிவர்பூல் பொண்ணுங்க டீம் கீழ இறங்குச்சு. உங்க குரூப்ல யாராவது அதுக்கு ஒரு வார்த்த பேசுனீங்களாடா? சும்மா கேட்டேன். நானும் பேசல.

(சென்னையின் எஃப்சி ஃபைனல் மட்டும் விதிவிலக்கு. மார்ச் 14 கோவாவுல காலி ஸ்டேடியத்துல ஏடிகே கிட்ட 3-1 தோத்தோமே, அத மட்டும் நல் அண்ட் வாய்ட்னு அறிவிக்கணும்னா ரெண்டு பேரும் சேந்தே கையெழுத்து போட்டிருப்போம்.)

அப்புறம் ஜூன் 26. நம்ம ஊருல மறுபடி ஃபுல் லாக்டவுன். செல்சி-சிட்டி மேட்ச் ராத்திரி 12:45க்கு. சிட்டி ஜெயிக்கலன்னா உங்களுக்கு கப்பு. வாழ்க்கையில முதல் தடவையா நான் சிட்டிக்கு சப்போர்ட் பண்ணேன், போர்வைக்குள்ள ஹெட்செட் மாட்டிக்கிட்டு, எங்கப்பா பாத்திருந்தா வேற என்னமோன்னு நெனச்சிருப்பாரு. செல்சிக்கு புலிசிச் ஒண்ணு, சிட்டிக்கு டி ப்ருய்ன ஃப்ரீகிக்ல ஒண்ணு, அப்புறம் 78வது நிமிஷம் கோல் லைன்ல சிட்டி ஃபெர்னாண்டின்யோ கையால தடுத்தாரு, ரெட் கார்டு, செல்சிக்கு வில்லியன் பெனால்டி. 2-1. ஃபோன கவுத்து வெச்சுட்டு படுத்தேன்.

2:45 இருக்கும், உன் கால் வந்துச்சு. எடுக்கலாமா வேணாமான்னு யோசிச்சேன், காது கிழியற மாதிரி கத்தப் போறன்னு வால்யூம குறைச்சுட்டுத்தான் எடுத்தேன். நீ ரகசியம் பேசற மாதிரி பேசுன. "ஜெயிச்சுட்டோம்டா... 30 வருஷம்டா..." எனக்கு சரியா கேக்கல, ஏன்டா இப்படி பேசற, கத்தித் தொலையேன்னு சொன்னேன். நீ, "கத்த முடியாதுடா, தாத்தா நேத்துதான் வீட்டுக்கு வந்தாரு, ஜன்னல் திறந்திருக்கு, தூங்குறாரு"ன்ன.

நான் அப்பவே சொல்லியிருக்கணும். "உங்களுக்கு 19 லீக் கப்புதானே, எங்களுக்கு 20"ன்னு சொல்லிட்டு வெச்சிட்டேன்.

அது இப்ப 20-20 ஆயிடுச்சு, அந்த டயலாக்கும் போச்சு. அதனால இப்ப சொல்றேன், அந்த ஆம்புலன்ஸ் மெசேஜுக்கு சாரிடா. மத்த எதுக்கும் இல்ல, நல் அண்ட் வாய்டுக்கு கூட இல்ல, அது மட்டும்.

இன்னொண்ணு பாக்கி இருக்கு. கப்பு குடுத்தாங்கன்னா லிவர்பூல் ஜெர்சி போட்டு ஃபோட்டோ எடுத்து டிபி வெக்கிறேன்னு ஏப்ரல்ல பந்தயம் கட்டுனேன், லாக்டவுன்ல கடை இல்லன்னு சொல்லி இத்தன வருஷம் ஓட்டிட்டேன். ஞாயித்துக்கிழம வீட்டுக்கு வரேன். உன்னோடது ஒண்ணு எடுத்து வை, எக்ஸெல் சைஸ், தொப்ப வந்துடுச்சு. சலா பேரு போட்டது வேணாம், அந்த சீசன் ஜனவரி மேட்ச்ல எங்களுக்கு எதிரா கடைசி நிமிஷத்துல கோல் போட்டத இன்னும் மறக்கல. லல்லானாவும் வேணாம். முதுகுல பேரே இல்லாதது இருந்தா அத எடுத்து வை.