திரும்பி வரும் சுமை

அன்புள்ள கண்ணம்மா,

எல்க் மான் வேட்டைக்கு உனக்கு லைசென்ஸ் கிடைத்துவிட்டது என்று படித்ததிலிருந்து அப்பாவுக்குக் கால் தரையில் பாவவில்லை. எனக்கும் சந்தோஷம்தான். ஆனால் நீ கடைசி வரியில் கேட்டிருந்தாயே, எத்தனை லிட்டர் கொள்ளும் முதுகுப்பை வாங்கலாம் என்று, அதிலேயே என் மனம் நின்றுவிட்டது. லிட்டரைக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம் அம்மா.

ஏறும்போது டென்ட், ஸ்லீப்பிங் பேக், தண்ணீர், பைனாகுலர் எல்லாம் சேர்த்து 18, 20 கிலோ இருக்கும். அதை எந்தப் பையும் சுமந்துவிடும். நன்கு வளர்ந்த ஆண் எல்க்கை எலும்பு நீக்கி எடுத்தால் கறி மட்டுமே 100 கிலோவை ஒட்டி வரும். அதை இறக்குவதற்குத்தான் நீ பை வாங்கப்போகிறாய். ஒரு நடைக்கு 25 கிலோ என்று வைத்தாலும் நாலு நடை. சாலையிலிருந்து 5 கிலோமீட்டர் உள்ளே சுட்டாய் என்றால், நாலு முறை சுமையோடு வரவேண்டும், நடுவில் மூன்று முறை வெறுமனே திரும்பிப் போகவேண்டும். மொத்தம் 35 கிலோமீட்டர். துப்பாக்கியை உயர்த்துவதற்கு முன்பே இந்தக் கணக்கு மனதில் ஓடவேண்டும். இத்தனை தூரத்தை என்னால் இறக்கமுடியாது என்று தோன்றினால் சுடாமல் விட்டுவிடு. கறியை மலையில் அழுகவிடுவதைப்போல ஒரு பாவம் வேட்டையில் கிடையாது. அலாஸ்காவில் இதைச் சட்டமாகவே வைத்திருக்கிறார்கள். கறி முழுவதும் இறங்குவதற்கு முன் கொம்பை எடுத்துவரக் கூடாது. கடைசிச் சுமையோடுதான் அது வரலாம்.

அதனால் முதலில் பார்க்கவேண்டியது ஃபிரேம், அதாவது பையின் முதுகைத் தாங்கும் சட்டம். ஒரு கிலோ எடைதான் என்று விளம்பரம் செய்யும் மலையேற்றப் பைகளைக் கையில் எடுத்தால் ஆசையாகத்தான் இருக்கும். 35 கிலோவை ஏற்றியதும் அதன் முதுகு வளையும், இடுப்புப் பட்டை மடங்கும், பாரம் முழுக்கத் தோளுக்கு வந்துவிடும். வேட்டைக்கென்று செய்த பை காலியாகவே 3 கிலோ பக்கம் இருக்கும். உள்ளே அலுமினியமோ கார்பன் ஃபைபரோ நிமிர்ந்து நிற்கும். அந்த ஒன்றரை, இரண்டு கிலோவை மிச்சம் பிடிக்கப் பார்க்காதே. 1952இல் கலிஃபோர்னியாவில் டிக் கெல்டி அலுமினிய ஃபிரேம் பைகளைச் செய்து விற்கத் தொடங்கினார். பைகளைத் தைத்துக்கொடுத்தவர் அவர் மனைவி நீனா. தோளில் தொங்கும் பாரத்தை இடுப்பெலும்புக்கு இறக்கவேண்டும் என்று அன்று பிடித்த வழியில்தான் இன்றைக்கும் எல்லாரும் போகிறார்கள்.

அப்பா தன் பையைத் தருவதாகச் சொல்வார். வேண்டாம் என்று சொல்லிவிடு. அன்பாகத்தான் தருகிறார், ஆனால் அது அவர் முதுகுக்குச் சரிசெய்த பை. உயரத்தை வைத்து முதுகின் நீளத்தைச் சொல்ல முடியாது. நாம் இருவரும் ஒரே உயரம்தான். என் பையும் உனக்குச் சேராமல் போகலாம். அளவெடுப்பது சுலபம். தலையைக் குனி, கழுத்தடியில் ஒரு எலும்பு புடைத்துக்கொண்டு நிற்கும். இடுப்பெலும்பின் மேல்விளிம்பில் இரண்டு கைகளையும் வைத்து, கட்டைவிரல்களை முதுகுப் பக்கம் நீட்டு. புடைத்த எலும்பிலிருந்து அந்த விரல்கள் காட்டும் மட்டம் வரை, முதுகின் வளைவோடு டேப்பை ஓடவிடச் சொல். நீயே எடுத்தால் தப்பாக வரும், யாரையாவது கூப்பிட்டுக்கொள்.

இடுப்புப் பட்டையின் நடுப்பாகம் அந்த எலும்பு விளிம்பின்மேல் உட்காரவேண்டும். வயிற்றிலும் இருக்கக் கூடாது, தொடைக்கும் இறங்கக் கூடாது. இறுக்கிய பிறகும் இழுக்க இடம் மிச்சமிருக்கிறதா பார். மலையில் நாலைந்து நாளில் உடம்பு வற்றும், அப்போது பட்டையை இன்னும் இறுக்க வேண்டியிருக்கும். நம் இடுப்பின் சரிவு ஆண்களுடையதைப்போல இல்லை. பெண்களுக்கென்று வளைத்த பட்டையைத் தனியாகக் கேட்டு வாங்கலாம், கேள். தோளுக்கு மேலிருந்து பின்னால் ஃபிரேமுக்குப் போகும் சின்ன வாருக்கு லோட் லிஃப்டர் என்று பெயர். அது ஏறக்குறைய 45 டிகிரியில் மேல்நோக்கிப் போகவேண்டும். மட்டமாகப் படுத்திருந்தால் ஃபிரேம் உனக்குக் குட்டை, அந்தப் பை வேண்டாம்.

கறியைப் பைக்குள் போடாதே. நல்ல வேட்டைப் பையில் ஃபிரேமையும் பையையும் பிரிக்கலாம். நடுவில் கறியை வைத்துக் கட்டுவார்கள். முதுகை ஒட்டிப் பாரம் இருக்கும், சாமானில் ரத்தமும் படாது. கறிக்குக் காற்றோட்டமான துணிப் பைகள் எடுத்துப்போ. பிளாஸ்டிக்கில் கட்டினால் சூடு உள்ளேயே நிற்கும், கெட்டுவிடும். எலும்பு நீக்கிய கறி கட்டுக்கு அடங்காது, நடக்க நடக்கச் சரிந்து அடியில் போய்த் திரளும். அது பின்பக்கம் இழுத்தால் ஒவ்வொரு எட்டிலும் முதுகு நொந்துபோகும். அடி வாரை முதலில் இறுக்கி ஒரு தட்டுபோல ஆக்கிவிட்டு, அதன்மேல் கறியை வைத்து, தோள்பட்டைகளுக்கு நடுவில் வரும்படி ஏற்றிக் கட்டு. பிறகு பக்க வார்கள். நூறு காலடி நடந்ததும் நின்று எல்லாவற்றையும் மறுபடி இறுக்கு, கட்டாயம் இளகியிருக்கும். சுட்டது ஆணா பெண்ணா என்று காட்டும் அடையாளம் கறியோடு ஒட்டியிருக்கவேண்டும் என்று பல மாநிலங்களில் விதி இருக்கிறது. கத்தியை எடுப்பதற்கு முன் உன் மாநிலத்து விதிப்புத்தகத்தைப் பார்த்துவிடு.

சுமையைத் தூக்குவதற்கும் ஒரு முறை உண்டு. ஒரு வாரைப் பிடித்து வெடுக்கென்று தோளுக்கு எற்றாதே. பையைச் சரிவில் சாய்த்து வைத்து, அதற்கு முதுகு காட்டி உட்கார்ந்து, இடுப்புப் பட்டையைப் பூட்டிக்கொள். பிறகு முன்னால் சாய்ந்து மண்டியிட்டு, ஊன்றுகோல்களை ஊன்றி எழுந்திரு. இரண்டு ஊன்றுகோல் இல்லாமல் இறங்காதே. ரைஃபிளில் தோட்டா இல்லை என்று பார்த்துப் பையின் பக்கத்தில் கட்டிவிட்டால் கை இரண்டும் ஊன்றுகோலுக்கு.

இன்னொன்று, எனக்குப் பயமே இதில்தான். கொலராடோவில் ரைஃபிள் வேட்டைக்காரர் இடுப்புக்கு மேல் 500 சதுர அங்குலம் பளிச்சென்ற ஆரஞ்சோ பிங்க்கோ அணியவேண்டும், மொன்டானாவில் 400 ஆரஞ்சு. பை அதன் பாதியை மறைத்துவிடுகிறது. பைக்கு மேலேயும் ஆரஞ்சுத் துணி கட்டு. கொம்பை எடுத்துவந்தால் அதன்மேலும் சுற்று. உன் முதுகில் கொம்பு தெரிவதை இன்னொருவன் புதருக்குள்ளிருந்து பார்க்கிறான் என்பது நினைவிருக்கட்டும். கிரிஸ்லி கரடி நடமாடும் இடம் என்றால், முழுச் சுமையோடும் கை எட்டும்படி கரடி ஸ்ப்ரேயை இடுப்புப் பட்டையில் மாட்டு. கறி கிடந்த இடத்துக்குத் திரும்பிப் போகும்போது சத்தம் கொடுத்துக்கொண்டே போ.

லிட்டர் கேட்டாயே, ஐந்து நாளுக்கு 80 முதல் 100 போதும்.

இன்றிலிருந்தே பயிற்சி ஆரம்பித்துவிடு. பையில் 20 லிட்டர் தண்ணீர் கேனைக் கட்டிக்கொண்டு மேடேறு, உச்சியில் தண்ணீரைக் கொட்டிவிட்டு இறங்கு. முழங்காலுக்குச் சேதம் இருக்காது. கடைசி வாரங்களில் மட்டும் கொஞ்சம் சுமையோடு இறங்கிப் பழகு.

அளவை இந்த வாரமே அனுப்பு. பை வந்ததும் 25 கிலோ ஏற்றி, எல்லா வார்களையும் இறுக்கி, பக்கவாட்டில் நின்று ஒரு படம் எடுத்து அனுப்பு. லோட் லிஃப்டர் எப்படி நிற்கிறது என்று நான் பார்க்கவேண்டும். திருப்பிக் கொடுக்கும் கெடு முடிவதற்குள் அனுப்பிவிடு.

அன்புடன்,
அம்மா