பெண்கள் பள்ளியில் நாற்காலி தூக்குவது யார்?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பெண்கள் பள்ளி நல்லதா, இருபாலர் பள்ளி நல்லதா என்ற விவாதம் எழும்போதெல்லாம் பேச்சு மதிப்பெண்ணிலோ பாதுகாப்பிலோ போய் முடிந்துவிடுகிறது. ஒரு பெண்ணை வாழ்நாள் முழுக்கத் தொடர்ந்து வருவது இவை இரண்டுமே அல்ல.

மதிப்பெண் விஷயத்தில் 2014-இல் வெளிவந்த ஒரு தொகுப்பாய்வு 21 நாடுகளின் 184 ஆய்வுகளை அலசியது. குடும்பப் பின்னணியையும் முன்பே இருந்த திறனையும் கணக்கில் எடுத்துக்கொண்ட தரமான ஆய்வுகளில், இருவகைப் பள்ளிகளுக்கும் இடையே சொல்லிக்கொள்ளும்படியான வித்தியாசம் இல்லை. ஆனால், பிள்ளைகள் எதைத் தேர்ந்தெடுக்கத் துணிகிறார்கள் என்பது வேறு கதை. இங்கிலாந்தில் அரசு நிதியில் நடக்கும் பெண்கள் பள்ளிகளின் மாணவிகள் மேல்நிலையில் இயற்பியல் எடுக்கும் வாய்ப்பு, இருபாலர் பள்ளி மாணவிகளைவிட ஏறத்தாழ இரண்டரை மடங்கு என்று அங்குள்ள இயற்பியல் கழகம் 2012-இல் அறிக்கை வெளியிட்டது. (அவற்றில் சில, நுழைவுத் தேர்வு வைத்து மாணவிகளைச் சேர்ப்பவை. எனவே முழுப் பெருமையும் பள்ளிக்கே சேராது.) அதே ஆண்டு பூத், நோலன் என்ற இரு பொருளியலாளர்கள் வெளியிட்ட ஆய்வில், பதினைந்து வயதை ஒட்டிய மாணவ மாணவியரிடம் உறுதியான 5 பவுண்டு வேண்டுமா, நாணயம் சுண்டி 11 அல்லது 2 பவுண்டு வேண்டுமா என்று கேட்டார்கள். பெண்கள் பள்ளி மாணவிகள் பையன்களுக்கு நிகராக நாணயத்தைத் தேர்ந்தெடுத்தார்கள். இருபாலர் பள்ளி மாணவிகள் அந்த அளவுக்குத் துணியவில்லை.

இந்தத் துணிச்சலுக்குப் பையன்கள் இல்லாததே காரணம் என்று சொல்லிவிடுவது எளிது. எங்கள் கணிப்பு வேறு. பள்ளியின் எல்லா வேலையும் பெண்பிள்ளைகள் தலையிலேயே விழுவதுதான் காரணம். பெஞ்சை நகர்த்துவது, மைக் செட் இணைப்பது, கணக்கு மன்றத்துக்குத் தலைமை ஏற்பது, மைதானத்தின் நடுப்பகுதியில் ஆடுவது என எதையும் ‘அவன் பார்த்துக்கொள்வான்’ என்று விட முடியாது. வேலை அவர்கள் கைக்குப் போகாமல் வேறெங்காவது போனால், பெண்கள் பள்ளி என்ற பெயர்ப்பலகையால் ஒரு பயனும் இல்லை.

ஆய்வகத்தையே பாருங்கள். ஓம் விதி என்ற மின்சுற்றுச் சோதனைக்கு ஆறு பேரை ஒரு மேசையில் விட்டால் இருவர் கம்பியைத் தொடுவார்கள், நால்வர் அளவீட்டைப் பார்த்து எழுதுவார்கள். பையன்கள் இருந்தால் எழுதும் வேலை மாணவிகளுக்குப் போகும். இல்லையென்றால் கூச்ச சுபாவம் உள்ள மாணவிகளுக்குப் போகும். அவ்வளவுதான் வித்தியாசம். மேசைக்கு இருவர், மிஞ்சினால் மூவர். சுற்றை இணைப்பவரும் எழுதுபவரும் ஒவ்வொரு சோதனைக்கும் இடம் மாற வேண்டும். மீட்டரின் முள் அசையாவிட்டால் உடனே ஆய்வக உதவியாளர் ஓடிவரக் கூடாது. பத்து நிமிடம் விடுங்கள். சாவி செருகியிருக்கிறதா, கம்பி முனையின் பூச்சு உப்புத்தாளால் சரியாகச் சுரண்டப்பட்டிருக்கிறதா, திருகு இறுகியிருக்கிறதா, அம்மீட்டர் தொடரிணைப்பிலும் வோல்ட்மீட்டர் பக்க இணைப்பிலும் இருக்கின்றனவா என்று வரிசையாகப் பார்க்கட்டும். முள் பூச்சியத்துக்கு இடப்பக்கம் இடித்து நின்றால் நேர்முனையும் எதிர்முனையும் மாறியிருக்கின்றன. தானே கண்டுபிடித்துச் சரிசெய்த மாணவி, நாளை வீட்டில் ஃபியூஸ் போனாலும் அலுவலகத்தில் இயந்திரம் நின்றாலும் யாரையும் தேடிக்கொண்டு நிற்க மாட்டாள்.

பதவிகளிலும் இதே கோளாறுதான். மாணவர் தலைவி, பேச்சுப்போட்டி, விழாத் தொகுப்பு எல்லாம் அதே நான்கைந்து பேருக்குப் போய்விடுகின்றன. மற்றவர்கள் கைதட்டப் பழகுகிறார்கள். நாற்பது பேர் வகுப்பில் மாதம் நான்கு பேருக்கு வகுப்புப் பொறுப்பு கொடுத்தால், பத்து மாதத்தில் எல்லோருக்கும் ஒரு முறை வந்துவிடும். வகுப்பில் கேள்வி கேட்கும்போதும் அப்படியே. ஆசிரியர்கள் பதிலுக்காகச் சராசரியாக ஒரு விநாடிதான் காத்திருக்கிறார்கள் என்றும், அதை மூன்று விநாடியாக்கினாலே பதில்கள் நீண்டு, பேசாதவர்களும் பேசுகிறார்கள் என்றும் 1970-களிலேயே அமெரிக்க அறிவியல் கல்வி ஆய்வாளர் மேரி பட் ரோ காட்டினார். சத்தமில்லாத வகுப்பே நல்ல வகுப்பு என்று நினைக்கும் பெண்கள் பள்ளிகளுக்கு இந்த மூன்று விநாடி மிக நீளமாகத் தெரிகிறது!

மாதவிடாய் நாளில் ‘இன்று ஓட மாட்டேன்’ என்று வகுப்பறையில் சாதாரணக் குரலில் சொல்ல முடிவது சின்ன விஷயம் போலத் தோன்றும். தன் உடம்பைப் பற்றி மருத்துவரிடம் தயங்காமல் பேசும் பழக்கம் அங்கேதான் தொடங்குகிறது.

குறைகளும் உண்டு. பேசாமல் ஒதுக்கிவைப்பது போன்ற சத்தமில்லாத கொடுமைகளை ஆசிரியர்கள் ‘பிள்ளைகள் சண்டை’ என்று தள்ளிவிடுகிறார்கள். அதைவிடப் பெரிய குறை, கல்லூரியின் முதல் கூட்டு வேலையில் தெரியும்: பேச்சை இடைமறிக்கும் ஆணிடம் ‘நான் இன்னும் முடிக்கவில்லை’ என்று சொல்லி இங்கு படித்த மாணவிகள் பழகியிருக்க மாட்டார்கள். பிள்ளைகளைப் பூட்டி வைத்தால் இந்தப் பழக்கம் வராது. பருவத்துக்கு ஒருமுறையாவது பக்கத்து ஆண்கள் பள்ளியோடு விவாதமோ அறிவியல் கண்காட்சியோ நடத்தலாம். ஆனால் அணிகள் ஆண் எதிர் பெண் என்றில்லாமல் கலந்திருக்க வேண்டும். கலந்த அணியில் குறிப்பெடுக்கும் வேலை மாணவிக்கே போகிறதா என்பதையும் கவனிக்க வேண்டும்.

சேர்க்கைக்குப் போகும் பெற்றோர் தேர்ச்சி விகிதத்தோடு இன்னும் மூன்றைக் கேளுங்கள். மேல்நிலையில் இயற்பியலும் கணினி அறிவியலும் உண்டா, அவற்றுக்கு நிரந்தர ஆசிரியர் இருக்கிறாரா? தேர்வு நெருங்கும்போது விளையாட்டு வகுப்பைக் கணக்குப் பாடத்துக்கு எடுத்துக்கொள்வார்களா? ஆண்டு விழாவில் நாற்காலி போடுவதும் விளக்கு அமைப்பதும் மாணவிகளா, வெளியாட்களா?

இப்படிக்கு,
பெண்கள் பள்ளி அறிவியல் ஆசிரியைகள் சிலர்