கல்லில் இல்லாத பெயர்கள்

அன்புள்ள மலருக்கு,

லண்டன் வெஸ்ட்மின்ஸ்டர் அபே தேவாலயத்தில் நீ எடுத்து அனுப்பிய, ஆப்பிரிக்காவில் பயணம் செய்த ஸ்காட்லாந்து மிஷனரி லிவிங்ஸ்டனின் கல்லறைப் போட்டோவைப் பெரிதாக்கிப் பார்த்தேன். 'விசுவாசமுள்ள கரங்கள் நிலமும் கடலும் தாண்டிக் கொண்டுவந்தன' என்றுதான் ஆரம்பிக்கிறது. யாருடைய கரங்கள்? கல்லில் இல்லை. இத்தனை வருடம் வரலாற்றுப் பாடம் நடத்திய நானும் வகுப்பில் சொன்னதில்லை. உனக்காவது சொல்கிறேன்.

1873 மே மாதம், இன்றைய ஜாம்பியாவில், சித்தாம்போ என்ற தலைவரின் ஊரில் அவர் இறந்தார். கூட இருந்த ஆப்பிரிக்கப் பணியாட்கள் சூசி, சூமா முதலானவர்கள் அங்கேயே புதைத்துவிட்டுப் போயிருந்தால் கேட்க ஆளில்லை. ஆனால் இதயத்தை மட்டும் ஒரு மரத்தடியில் புதைத்தார்கள். உடலை உப்பிட்டு இரண்டு வாரம் வெயிலில் காயவைத்து, துணி சுற்றி, உரித்த மரப்பட்டைக்குள் வைத்துக் கட்டினார்கள்.

வழியில் ஓர் ஊர்க்காரர்கள் பிணத்தைத் தங்கள் ஊர் வழியே விடமாட்டோம் என்றார்கள். சரி, திருப்பி அனுப்பிவிடுகிறோம் என்று சொல்லி, சோளத்தட்டையைப் பிணம்போலக் கட்டிச் சிலர் தூக்கிக்கொண்டு நடந்தார்கள். இருட்டியதும் தட்டையைக் காட்டுக்குள் வீசியாயிற்று. நிஜ உடல் ஜவுளி மூட்டையாக மாறி மேலே போனது! அதற்கு முன்பே, இன்றைய தான்சானியாவிலுள்ள தபோராவில் கேமரன் என்ற வெள்ளைக்கார அதிகாரி இங்கேயே புதைத்துவிடுங்கள் என்றபோதும் இவர்கள் கேட்கவில்லை. ஆயிரம் மைலுக்கு மேல் சுமந்து, 1874 பிப்ரவரியில் கடற்கரை ஊரான பகமோயோவுக்கு வந்து சேர்ந்தார்கள்.

அங்கே பிரிட்டிஷ் அதிகாரிகள் சம்பளத்தைக் கொடுத்து இவர்கள் கணக்கை முடித்துவிட்டார்கள். ஏப்ரல் 18 அடக்கத்துக்கு லண்டனில் இருந்தவர் அவர்களில் ஒரே ஒருவர், ஜேக்கப் வெயின்ரைட். அடிமைக் கப்பலிலிருந்து மீட்கப்பட்டு நம் நாசிக்கில் படித்தவர். சூசியும் சூமாவும் வேறொருவர் செலவில் போய்ச் சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. அப்புறம் அவர்களை உட்காரவைத்துத்தான் லிவிங்ஸ்டனின் கடைசி டைரிகளைப் புத்தகமாக்கினார்கள்.

எனக்கு மனதில் நிற்பது ஹலிமா. அவருடைய பயணத்தில் கூட இருந்த சமையல்காரி. இவளை விடுதலை செய்து சான்சிபார் தீவில் வீடும் தோட்டமும் வாங்கித் தருவேன் என்று டைரியில் எழுதினார் லிவிங்ஸ்டன். சான்சிபாருக்கு அவர் போய்ச் சேர்ந்தது அந்த மூட்டையாகத்தான்.

அடுத்த முறை அந்தப் பக்கம் போனால் முதல் வரியை மட்டும் கிட்டத்தில் எடுத்து அனுப்பு. குளிரில் ஸ்வெட்டர் இல்லாமல் கிளம்பாதே.

அன்புடன்,
அம்மா