லஹ்தி இசைக்குழு: வான்ஸ்காவுக்கு முன்னாலும் எழுபத்தைந்து ஆண்டுகள் உண்டு

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பின்லாந்தின் லஹ்தி நகர சிம்பொனி இசைக்குழுவைப் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையை இங்கே எஸ்போவில் இருந்து படித்தேன். தமிழில் இந்தக் குழுவைப் பற்றி யாராவது எழுதுவார்கள் என்று நான் எதிர்பார்த்ததே இல்லை. அதற்கு முதலில் நன்றி. ஆனால் படித்து முடித்ததும் ஒரு குறை தட்டியது. ஓஸ்மோ வான்ஸ்கா என்ற இசை நடத்துநர் 1985-இல் வந்து இறங்கினார், ஒன்றுமில்லாத ஊரில் உலகத்தரமான குழு ஒன்றை உண்டாக்கிவிட்டார் என்கிற மாதிரி கதை போகிறது. வான்ஸ்கா பெரிய ஆள்தான், அதில் எனக்கும் சந்தேகமில்லை. ஆனால் மாதச் சம்பளம் வாங்கும் வாத்தியக்காரர்கள் அவர் வருவதற்கு வெகு முன்பே அங்கே இருந்தார்கள். அவர்கள் எப்படி வந்தார்கள் என்பதைக் கட்டுரை சொல்லவில்லை.

குழு 1949-இல் தொடங்கியது என்று கட்டுரையில் இருக்கிறது. அது நகராட்சி குழுவை ஏற்றுக்கொண்ட ஆண்டு. தொடக்கம் 1910. அந்த ஊர் இசை நண்பர்கள் சங்கம் கூட்டிச் சேர்த்த குழு அது. லஹ்திக்கு நகர அந்தஸ்து கிடைத்ததே 1905-இல்தான். ரயில் பாதையும் மரப் பட்டறைகளும் வளர்த்த தொழிலாளர் ஊர். தூர்க்கு நகரின் இசைச் சங்கம் 1790-ஐச் சேர்ந்தது, ஹெல்சிங்கியில் ராபர்ட் கயானுஸ் 1882-இலேயே குழு தொடங்கிவிட்டார். லஹ்திக்கு அப்படிப் பரம்பரைப் பெருமை எதுவும் கிடையாது.

1949 என்பது எப்படிப்பட்ட வருஷம் என்று பாருங்கள். இரண்டாம் உலகப் போரில் தோற்ற பின்லாந்து, கிழக்கே இருந்த கரேலியாப் பகுதியில் பெரும்பங்கைச் சோவியத் யூனியனிடம் இழந்துவிட்டது. நாலு லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் வீடு வாசலை விட்டு மேற்கே வந்தார்கள். அவர்களில் பல்லாயிரம் பேர் லஹ்தியில் குடியேறினார்கள். இழந்த பகுதியில் இருந்த வீப்புரி நகரின் இசைப் பள்ளியும் இங்கே வந்து சேர்ந்தது. சோவியத் யூனியனுக்குப் போர் இழப்பீடு கட்டி முடிந்தது 1952-இல். காபி இல்லாமல் பொழுது விடியாத இந்த நாட்டில் காபிக்கு ரேஷன் இருந்தது, அது நீங்கியதே 1954-இல்தான். அப்படிப்பட்ட நேரத்தில் ஒரு சின்ன ஊரின் நகர்மன்றம் வயலின் வாசிப்பவர்களைச் சம்பளப் பட்டியலில் சேர்த்தது. என்னைக் கேட்டால் இந்தக் குழுவின் சரித்திரத்தில் மிகத் துணிச்சலான காரியம் அதுதான். கட்டுரையில் இதற்கு ஒரு வரிகூட இல்லை.

அடுத்த முப்பத்தைந்து ஆண்டுகளில் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. ஊருக்கு வாசித்தார்கள், நடத்துநர்கள் மாறினார்கள், வெளிநாட்டில் யாருக்கும் பெயர் தெரியாது. 1985-இல் வான்ஸ்கா முதன்மை விருந்தினர் நடத்துநராக வந்தார். ஹெல்சிங்கி குழுவில் கிளாரினெட் வாசித்தவர், 1982-இல் பிரான்ஸின் பெசான்சோன் இசை நடத்துநர் போட்டியில் வென்றவர். 1988-இல் தலைமை நடத்துநரானார், 2008 வரை இருந்தார்.

பெயர் வாங்கிக் கொடுத்தது பின்லாந்தின் பெரிய இசையமைப்பாளர் சிபேலியஸின் வயலின் கான்செர்ட்டோ, அதாவது தனி வயலினும் முழுக் குழுவும் சேர்ந்து வாசிக்கும் படைப்பு. அதைக் கட்டுரையாசிரியர் "1991-இல் விருது பெற்ற இசைத்தட்டு" என்று தாண்டிப் போய்விட்டார். சங்கதி அதைவிட ருசியானது. சிபேலியஸ் அந்தக் கான்செர்ட்டோவை வில்லி புர்மெஸ்டர் என்ற ஜெர்மானிய வயலின் வித்வானுக்குத் தருவதாகச் சொல்லியிருந்தார். பணமுடை. அதனால் அவர் வருவதற்குக் காத்திருக்காமல் 1904 பிப்ரவரியில் ஹெல்சிங்கியில் வேறொரு வயலின் ஆசிரியரை வைத்து அரங்கேற்றிவிட்டார். பாவம், அவருக்கு அது மீறிய காரியம். கச்சேரி எடுபடவில்லை. சிபேலியஸ் திருத்தி எழுதினார், 1905-இல் பெர்லினில் ரிச்சர்ட் ஸ்ட்ராஸ் நடத்த அந்தப் புது வடிவம் அரங்கேறியது. இன்று உலகம் கேட்பது அதைத்தான். பழைய வடிவத்தைக் குடும்பத்தார் பூட்டியே வைத்திருந்தார்கள். பிறகு இசைத்தட்டாகப் பதிவு செய்ய லஹ்திக்கு அனுமதி கொடுத்தார்கள். கிரேக்க வயலின் கலைஞர் லியோனிடாஸ் கவாகோஸ் வாசிக்க, ஸ்வீடனின் பிஸ் நிறுவனம் வெளியிட்டது. முதல் பகுதியிலேயே, வயலின் மட்டும் தனியாக நின்று வாசிக்கும் நீண்ட இடம் இரண்டாவது தடவையும் வருகிறது. ஜெர்மானிய மேதை பாக்கின் தனி வயலின் இசையைக் கேட்பது போல இருக்கும். திருத்தியபோது சிபேலியஸ் அதை அப்படியே வெட்டிவிட்டார். வெட்டியது சரியா என்று எங்கள் அலுவலகத்தில் இன்னும் சண்டை போட்டுக்கொண்டிருக்கிறோம்.

அப்புறம் வரிசையாக வந்தன. சிபேலியஸின் ஐந்தாம் சிம்பொனியின் 1915 வடிவம் வந்தது. பல ஆண்டுகள் யாரும் வாசிக்காமல் கிடந்த அவருடைய "வன மோகினி" என்ற, கதை சொல்லும் இசைப் படைப்பு 1996 பிப்ரவரியில் திரும்ப மேடையேறியது. 1992 முதல் கலேவி ஆஹோ இந்தக் குழுவின் இசையமைப்பாளராக இருந்தார். அவருடைய பன்னிரண்டாம் சிம்பொனியை 2003-இல் லாப்லாந்தின் லூஸ்தோ மலைச் சரிவில், திறந்தவெளியில், ரசிகர்களைச் சுற்றி வாத்தியக்காரர்களை நிறுத்தி வாசித்தார்கள்.

இதற்கெல்லாம் நடுவில்தான் தொண்ணூறுகளின் பொருளாதாரச் சரிவு வந்தது. சோவியத் சந்தை ஒரேயடியாக மூடிக்கொண்டதில் லஹ்தியின் தொழிற்சாலைகள் மிகவும் அடிபட்டன, ஊரில் வேலையில்லாதவர் கூட்டம் பெருகியது. அப்போதும் நகராட்சி குழுவைக் கலைக்கவில்லை. 1993-இல் வந்த சட்டம் நாடு முழுக்க இசைக்குழுக்களுக்கு அரசு மானியத்தை உறுதி செய்தது. டிக்கெட் வருமானத்தை மட்டும் நம்பியிருந்தால் எந்த சிம்பொனிக் குழுவும் ஒரு பருவம் தாண்டாது.

இதே வான்ஸ்கா 2003-இல் அமெரிக்காவின் மினசோட்டா இசைக்குழுவுக்கும் தலைமை ஏற்றார். அங்கே நன்கொடையாளர்களும் நிர்வாகக் குழுவும்தான் எல்லாம். சம்பளக் குறைப்புத் தகராறில் 2012 அக்டோபர் முதல் 2014 ஜனவரி வரை கலைஞர்களை வெளியே நிறுத்திக் கதவைப் பூட்டினார்கள். வான்ஸ்கா 2013-இல் பதவி விலகினார், பிரச்சினை தீர்ந்த பிறகுதான் திரும்பினார். அதே மனிதர், அதே திறமை. அங்கே கதவு பூட்டியிருந்த அத்தனை மாதமும் அவரால் என்ன செய்ய முடிந்தது? எல்லாம் அவர் ஒருவரால்தான் என்று எழுதுகிறவர்கள் இதற்கும் பதில் சொல்ல வேண்டும்.

இன்னொரு திருத்தமும் உண்டு. குழு வாசிக்கும் சிபேலியஸ் அரங்கைக் கட்டடக் கலைஞர் ஆல்வார் ஆல்டோ கட்டினார் என்று எழுதியிருக்கிறது. ஆல்டோ 1976-லேயே காலமாகிவிட்டார். லஹ்தியில் அவர் வடிவமைத்தது 1978-இல் முடிந்த சிலுவைத் தேவாலயம். மேலே சொன்ன பதிவுகளில் பல அங்கேதான் நடந்தன, குழப்பம் அதனால் வந்திருக்கலாம். அரங்கு 2000-இல் திறந்தது. ஹன்னு திக்கா, கிம்மோ லிந்துலா என்ற இருவரின் வடிவமைப்பு, ஒலியமைப்பு அமெரிக்கரான ரஸல் ஜான்சனின் நிறுவனம். வெசியார்வி ஏரிக்கரையில் இருந்த பழைய மரப் பட்டறைக் கட்டடத்தோடு சேர்த்து, மரத்தாலேயே எழுப்பியிருக்கிறார்கள். பக்கச் சுவர் முழுக்கக் கதவுகள், பின்னால் வெற்று அறைகள். எதிரொலி அதிகம் வேண்டுமென்றால் கதவைத் திறக்கிறார்கள், குறைக்க வேண்டுமென்றால் மூடுகிறார்கள். ஹெல்சிங்கியிலிருந்து ரயிலில் ஒரு மணி நேரம்கூட ஆகாது. இடைவேளைக்கு முன்பதிவு செய்த காபியும் கேக்கும் மேசையில் நம் பெயர்ச் சீட்டோடு காத்திருக்கும். வந்திருப்பவர்களில் பாதிப்பேர் ஓய்வுபெற்ற உள்ளூர்க்காரர்கள், சாதாரண ஸ்வெட்டரில்.

வான்ஸ்காவுக்குப் பிறகும் குழு சரியவில்லை என்பதையும் சேர்த்திருக்கலாம். சாரஸ்தே, ஒக்கோ காமு, ஸ்லோபோதென்யுக் என்று நடத்துநர்கள் வந்து, 2021-இல் கீவ் நகரில் பிறந்த தாலியா ஸ்டாசெவ்ஸ்கா தலைமை ஏற்றார்.

கட்டுரையைப் படித்துவிட்டுக் கேட்டுப் பார்க்க நினைக்கும் வாசகர்கள் சிபேலியஸின் ஐந்தாம் சிம்பொனியில் தொடங்கலாம். 1919-இன் இறுதி வடிவத்தை முதலில் கேளுங்கள். கடைசியில் குழு ஆறு தடவை ஓங்கி முழங்கும், நடுநடுவே முழு நிசப்தம். பிறகு லஹ்தியின் 1915 பதிவைப் போடுங்கள். அங்கே அந்த இடைவெளிகளில் தந்தி வாத்தியங்கள் அதிர்ந்துகொண்டே இருக்கும். வான்ஸ்கா இரண்டு வடிவத்தையும் இதே குழுவோடு பதிவு செய்திருக்கிறார், அதனால் ஒப்பிடுவது சுலபம்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்
எஸ்போ, பின்லாந்து